சம்பந்தி மென்ற கிளை

என் மரத்தின் இடது கிளையை ஒடித்து என் சம்பந்தி பல் துலக்கினார். எப்படிச் சுற்றி வளைத்துச் சொன்னாலும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கப்போகிறேன் என்பதால் முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். அந்தக் கிளை எனக்கு என்ன என்று சொல்லாவிட்டால் யாருக்கும் இது புரியாது. ஒரு குச்சிக்கா இந்தப் பாடு என்பார்கள். என் மனைவியே அப்படித்தான் கேட்டாள்.

நான் ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் ரகம் பிரிக்கும் வேலை பார்க்கிறேன். செலக்‌ஷன் என்போம். பதப்படுத்திய ஆட்டுத்தோலை ஜன்னலோர மேசையில் விரித்து, உள்ளங்கையால் ஒரு தடவு தடவி, இது முதல் ரகம், இது இரண்டாவது, இது கழிவு என்று ஒதுக்க வேண்டும். உண்ணி கடித்த புள்ளி, சொறி, கத்திபட்ட ஓட்டை என்று குறைகள் பல உண்டு. என் பரம எதிரி முள் கீறல். ஆடு மேயும்போது வேலமுள் இழுத்த கோடு, ஆடு செத்த பிறகும் போகாது. சுண்ணாம்பில் ஊறினாலும் போகாது. சாயம் ஏறினால் இன்னும் பளிச்சென்று தெரியும். அருமையான தோலாக இருக்கும், நட்டநடுவில் ஒரு கோடு ஓடும். அதைத் தூக்கிக் கீழ் ரகத்தில் போடும்போதெல்லாம் வேலமரத்தை வாயாரத் திட்டுவேன்.

தினம் பஸ்ஸில் போகும்போது பார்க்கிற மரம்தான். பக்கத்தில் போய் நின்றதில்லை. இத்தனை வருஷம் திட்டுகிறோமே, நேரில் ஒருமுறை பார்த்து இரண்டு வார்த்தை கேட்போம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பாலாற்றங்கரைக்குப் போனேன். அங்கே முழங்கால் உயரத்துக்குக்கூட வராத ஒரு கருவேலம் நின்றது. அடிமரம் என் முன்கை கனம். பட்டை கறுத்து, பாளம் பாளமாக வெடித்து, ஒரு பெரிய மரத்துக்கு இருக்கவேண்டிய அத்தனையும் இருந்தது, உயரம் மட்டும் இல்லை. வருஷா வருஷம் துளிர்விட, வருஷா வருஷம் ஆடுகள் கடித்துத் தின்ன, மேலே போக வழியில்லாமல் உடம்பைப் பெருக்கிக்கொண்டிருக்கிறது. நான் திட்டிய மரத்தை ஆடுகள் எனக்கு முன்பே பழிவாங்கிவிட்டன. திட்ட வந்தவன் அதன் எதிரில் வெகுநேரம் குந்தியிருந்துவிட்டு வந்தேன்.

அப்புறம், மரத்தைத் தொட்டியில் குட்டையாகவே வளர்க்கிற போன்சாய் பைத்தியம் பிடித்தது. போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். வீடியோக்காரர்கள் எல்லாம் எங்கேயோ பனியில் நின்றுகொண்டு, நம் ஊரில் முளைக்கவே முளைக்காத மரங்களை வளைத்துக் காட்டினார்கள். வேலமரத்தை யாரும் சீண்டவில்லை. நானே தோண்டி, நானே கொன்று, நானே கற்றுக்கொண்டேன். கோடையில் தோண்டினால் செத்துவிடும். மழை இறங்கிய பிறகு, தாய்மண்ணோடு எடுக்க வேண்டும். ஆணிவேரை ஒரேயடியாக வெட்டக் கூடாது. ஒரு மழைக்குப் பாதி வெட்டி, மண்ணை மூடிவிட்டு வந்து, அடுத்த மழைக்கு மீதியை வெட்டி எடுக்க வேண்டும். எடுத்ததும் பிளாஸ்டிக் உறை போட்டு மூடி, உள்ளே வியர்க்க விட வேண்டும். இதையெல்லாம் தெரிந்துகொள்வதற்குள் எத்தனை மரங்களைச் சாகடித்தேன் என்று கேட்காதீர்கள்.

இன்னொன்றும் கற்றுக்கொண்டேன். எது எந்த வேல் என்று தெரிந்திருக்க வேண்டும். முள் இருந்தால் எல்லாம் கருவேலம் என்று தொழிற்சாலையில் பாதிப் பேர் நினைக்கிறார்கள். கருவேலத்துக்குப் பட்டை கறுப்பு, முள் வெள்ளை, ஜோடி ஜோடியாக நேராக நிற்கும். பூ மஞ்சள் உருண்டை. காய் மணி கோத்த மாதிரி இருக்கும். வெள்வேலுக்குப் பட்டையே வெளுப்பு. பூ கிளை நுனியில் பொரி இறைத்தது போல் வரும். சீமைக்கருவேலம் என்பது பேரில்தான் கருவேலம். அதன் பூ உருண்டையே இல்லை, விரல் நீளத்துக்குத் தொங்கும். இலையும் சற்றுப் பெரிது. இலையும் பூவும் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். வெறும் கட்டையாக இருக்கும்போதுதான் ஏமாற்றும்.

கடைசியில் அந்த முதல் மரம், ஆற்றங்கரையில் ஆடு தின்ற மரம், என் மொட்டை மாடிக்கு வந்தது. முள்மரம் வீட்டில் ஆகாது என்று மனைவி ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். மாடி வீட்டில் சேராது என்று வாதாடி ஜெயித்தேன். சாயங்காலமானால் அது இலைகளை ஜோடி ஜோடியாக மூடிக்கொள்ளும். வேலை முடிந்து வந்து அதைப் பார்ப்பதுதான் எனக்கு டீ.

மரம் வலதுபக்கம் சாய்ந்திருந்தது. இடதுபக்கம் ஒரு கிளை வந்தால்தான் நிற்பது மாதிரி இருக்கும், இல்லாவிட்டால் விழுவது மாதிரி இருக்கும். அது இடதுபக்கம் துளிர்க்க மாட்டேன் என்று பிடிவாதமாக நின்றது. வருஷக்கணக்கில் கெஞ்சினேன். அந்தப் பக்கத்தை வெயிலுக்குத் திருப்பி வைத்தேன், மற்ற துளிரையெல்லாம் கிள்ளினேன். ஒரு ஆவணி மாதம் சரியாக நான் கேட்ட இடத்தில் ஒரு மொட்டு வெடித்தது. அதைக் கிளையாக்கி, மோட்டார் வைண்டிங் கடையில் கேட்டு வாங்கிய செம்புக் கம்பியைச் சுற்றி, மயிரிழை மயிரிழையாகக் கீழே வளைத்தேன். சுண்டுவிரல் கனம் வந்தது. இன்னும் ஒரு மழை கண்டால் கம்பியை எடுத்துவிடலாம் என்று இருந்தேன்.

அந்தப் பங்குனியில்தான் என் ஒரே மகளுக்கு நிச்சயமானது. மாப்பிள்ளை வீடு விரிஞ்சிபுரம் பக்கம், பாலாற்றுக்கு அந்தண்டை. மாப்பிள்ளை வேலூரில் வேலை. அவர் அப்பா விவசாயி, வாய் நிறையப் பேசுகிற, நெஞ்சில் ஒன்றும் வைத்துக்கொள்ளாத மனிதர். கல்யாண மண்டபம் பார்க்க வந்தவரை நாங்கள்தான் ராத்திரி போக வேண்டாம், தங்கிவிட்டுப் போங்கள் என்று பிடித்து நிறுத்தினோம். காற்று வரட்டும் என்று மாடியில் படுக்கை போட்டுக் கொடுத்தேன். என் கையாலேயே பாயை விரித்தேன் என்பதை நினைத்தால் இன்னும் ஆத்திரமாக வருகிறது.

காலையில் காபியோடு மாடி ஏறினேன். சம்பந்தி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, வாயில் குச்சியோடு ரயில் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பல்லிடுக்கில் நாரைக் கோதிக்கோதித் துப்பினார். எனக்கு முதலில் ஒன்றும் உறைக்கவில்லை. காலை வெயில் மரத்தின்மேல் விழுந்திருந்தது, எங்கோ ஏதோ சரியில்லை என்று மட்டும் பட்டது. மரம் விழப்போகிற மாதிரி நின்றது. இடதுபக்கம் காலி. ஒடித்த இடத்தில் ஈரம் மினுங்கியது.

காபி டம்ளரைக் கைப்பிடிச் சுவரின்மேல் வைத்தேன்.

"வாங்க சம்மந்தி," என்றார் அவர், வாயெல்லாம் சிரிப்பாக. "டவுன்ல வேலங்குச்சி கெடைக்காம நான் படாத பாடு படுவேன். பேஸ்ட்டு போட்டா எனக்கு வாந்தி வரும். நீங்க இன்னாடான்னா மாடியிலயே வளத்து வெச்சிருக்கீங்க! பெரிய ஆளு சம்மந்தி நீங்க."

நான் தொட்டியின் பக்கத்தில் குந்தி ஒடித்த இடத்தைத் தொட்டுப் பார்த்தேன்.

"பாவம், எந்தப் பசங்களோ கம்பியச் சுத்தி விட்டிருக்குதுங்க. மரம் மூச்சு முட்டிப் போயிருக்கும். நான் அவுத்து அங்க வெச்சிருக்கேன் பாருங்க."

கைப்பிடிச் சுவரின்மேல் என் செம்புக் கம்பி அழகாகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. அவர் அத்தோடு நிற்கவில்லை. ஒடித்த கிளையில் பாதியைத்தான் எடுத்திருந்தார். மீதிப் பாதியை, முள்ளெல்லாம் சுத்தமாகச் சீவி, எனக்கென்று எடுத்து வைத்திருந்தார். "இந்தாங்க, உங்குளுது," என்று நீட்டினார்.

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று பலமுறை யோசித்துவிட்டேன். கத்தியிருக்கலாம். விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். ஆனால் பெண்ணைக் கொடுக்கப் போகிற இடம், வீடு தேடி வந்த விருந்தாளி, நீட்டிய கை. வாங்கிக்கொண்டேன். வாயில் வைத்தேன். மென்றேன். துவர்ப்பு நாக்கைச் சுருட்டியது. நாங்கள் இருவரும் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்று, என் இடது கிளையை மென்று, ஒன்றாகத் துப்பினோம். அவர் நெல் விலையைப் பற்றிப் பேசினார், நான் தலையாட்டினேன்.

அவர் போன பிறகு நான் அழுதேன். ஐம்பது வயதுக்காரன் ஒரு குச்சிக்காக அழுதான் என்று யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். என் மனைவி சிரிக்கவில்லை, ஆனால் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்துவிட்டு, "நல்லவேளை, மரத்தோட போச்சு. வாயத் தொறந்து எதனா சொல்லியிருந்தா பொண்ணு கல்யாணமே நின்னு போயிருக்கும்," என்றாள்.

சிரித்தது என் மகள். சிரித்ததோடு விட்டிருக்கலாம். நிச்சயமான பெண்ணும் பையனும் போனில் என்னதான் பேசுவார்கள்? பேச விஷயம் தீர்ந்துபோன ஒரு பொழுதில் அவள் இதை எடுத்துவிட்டாள். உங்கள் அப்பா எங்கள் அப்பாவின் உயிரை ஒடித்து மென்றுவிட்டார் என்று விளையாட்டாகச் சொல்லியிருக்கிறாள். பையன் அதை அப்படியே தன் அப்பாவிடம் சொல்லியிருக்கிறான். சம்பந்திக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லையாம். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.

சித்திரை வெயில் கொளுத்திக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், எங்கள் வாசலில் ஒரு குட்டியானை வண்டி வந்து நின்றது. முன்னால் டிரைவர் பக்கத்திலிருந்து சம்பந்தி இறங்கினார். கல்யாணச் சாமான் ஏதோ கொண்டு வருகிறார் என்று நினைத்து என் மனைவி முந்தானையைச் சரிசெய்துகொண்டு ஓடினாள். வண்டியின் பின்கதவைத் திறந்தார்கள்.

உள்ளே கட்டைகள். வேலங்கட்டைகள். ஒவ்வொன்றும் முழங்கால் உயரத்துக்கு அறுக்கப்பட்டு, கீழே ஜேசிபி பிய்த்தெடுத்த வேர் நாராகத் தொங்க, வண்டி நிறைய அடுக்கியிருந்தது. வேரில் மண் ஒட்டியிருக்கவில்லை. வெயிலில் உலர்ந்து கயிறாகியிருந்தது. ஒவ்வொரு கட்டையையும் சுற்றிக் கொத்தனார் உபயோகிக்கும் கட்டுக்கம்பியை இறுக்கச் சுற்றியிருந்தார்கள். என் மரத்தில் கம்பி பார்த்தாரல்லவா, அதற்குக் கம்பி வேண்டும் போலிருக்கிறது என்று எல்லாவற்றுக்கும் சுற்றிவிட்டார்.

"சம்மந்தி," என்றார். கை கூப்பியிருந்தார். "அது நீங்க உசுரா வளத்ததுன்னு எனக்குத் தெரியாமப் போச்சு. நான் ஒரு மடையன். மனசுல வெச்சிக்காதீங்க. ஒண்ணு ஒடச்சதுக்கு எங்க வரப்புல இருக்கறதெல்லாம் கொண்டாந்துட்டேன்."

நான் அந்தக் கட்டைகளைப் பார்த்தேன். தோலைப் பார்த்துப் பழகிய கண் எனக்கு, எதைப் பார்த்தாலும் ரகம் பிரிக்கும். ஏறக்குறைய எல்லாம் கருவேலமாகத்தான் தெரிந்தது. இரண்டொன்று வெள்வேல். அறுத்த இடத்தில் உள்மரம் செக்கச்செவேல் என்று இருந்தது, பிசின் கோலிக்குண்டு கணக்காகத் திரண்டு நின்றது. பெரும்பாலானவை தொடை கனம். ஒன்று மட்டும் நான் கட்டிப்பிடித்தாலும் கை சேராது. அது மரக்கன்று இல்லை, புதரும் இல்லை. என் மகளைவிட, ஒருவேளை என்னைவிடவும் மூத்த மரம்.

"இது எங்க இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"கெணத்து மேட்டுல. எங்க அப்பா காலத்து மரம். அதுதான் ஒசத்தி, அதனாலதான் அத மொதல்ல எடுக்கச் சொன்னேன்."

நான் வண்டியின் பக்கப்பலகையைப் பிடித்துக்கொண்டேன். ஒரு கிளைக்காக ஒரு வரப்பையே மொட்டையடித்துவிட்டு வந்திருக்கிறார். கோபித்துக்கொள்ள வழியே இல்லாதபடி, அவ்வளவு அன்போடு, அவ்வளவு மரியாதையோடு. நான் அன்று மாடியிலேயே ஒரு சத்தம் போட்டிருந்தால் ஒரு சண்டையோடு போயிருக்கும். நான் மென்று முழுங்கியது கடைசியில் இங்கே வந்து நிற்கிறது.

பின்னாலிருந்து மனைவி என் முதுகில் கிள்ளினாள். "வாயத் தொறக்காதீங்க. கும்புடுங்க," என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். கும்பிட்டேன். "எதுக்கு சம்மந்தி இதெல்லாம்," என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. மோர் குடித்துவிட்டு, வெள்ளந்தியாகச் சிரித்துக்கொண்டு போனார்.

அந்த வாரம் நான் வேலைக்குப் போகவில்லை. கிடைத்த தொட்டி, டிரம், உடைந்த பக்கெட், குழந்தையைக் குளிப்பாட்டும் பிளாஸ்டிக் டப் எல்லாவற்றிலும் ஆற்று மணலைக் கொட்டி நட்டேன். பெரிய கட்டையை நட மட்டும் கீழே கொல்லையில் குழி வெட்டினேன். கம்பிகளைக் கட்டிங் பிளேயரால் வெட்டி எடுத்தேன். பட்டையில் அவை பதிந்த தடம், நான் மேசையில் ஒதுக்கிப் போடும் கீறல் மாதிரியே இருந்தது. வேர்களைச் சுத்தமாக நறுக்கினேன். வேலம்பட்டை இரும்பில் பட்டால் கத்தரி நீலக்கறுப்பாகக் கறுக்கும். கறுத்துக் கறுத்து என் விரல்களும் மையில் முக்கியெடுத்த மாதிரி ஆகின. ஈரச் சாக்கு சுற்றி, மேலே சேலை கட்டி நிழல் செய்தேன். கத்திரி வெயிலில் வேரில்லாத கருவேலத்தைப் பிழைக்க வைப்பது நடக்காத காரியம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் செய்தேன்.

என் மனைவிக்கு வேறு பயம். சம்பந்தி வீட்டிலிருந்து வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் எல்லாம் பட்டுப்போனால் அது என்ன சகுனம்? முள்மரம் ஆகாது என்றவள், குளித்துவிட்டு வந்து கட்டைகளுக்கு மஞ்சள் தண்ணீர் தெளிக்க ஆரம்பித்தாள். சம்பந்தி இரண்டு நாளைக்கு ஒருதரம் போன் செய்வார். பந்தல், சமையல், பத்திரிகை எல்லாம் பேசி முடித்து, கடைசியில் தயங்கிக்கொண்டே, "துளுத்துதா சம்மந்தி?" என்பார்.

ஒரு காலை மனைவி மாடியிலிருந்து கத்தினாள். "ஒண்ணு துளுத்துடுச்சிங்க! ஓடியாங்க!" இரண்டு இரண்டு படியாக ஏறினேன். டப்பில் நட்ட ஒரு கட்டையில் இளம்பச்சையாக, கொத்துக் கொத்தாக, திமிறிக்கொண்டு துளிர் வந்திருந்தது. குனிந்து பார்த்தேன். ஒரு இலை விரிந்திருந்தது. விரல் நுனியால் தூக்கிப் பார்த்தேன். இலை பெரிது.

சீமைக்கருவேலம். வரப்பை ஒட்டி நின்றதை ஜேசிபி சேர்த்து வாரியிருக்கிறது, வெறும் கட்டையாக வந்ததால் நானும் கோட்டை விட்டேன். நாட்டு மரம் ஒன்றுகூடக் கண் திறக்கவில்லை. பட்டையை நகத்தால் கீறிப் பார்த்தேன், எல்லாம் உள்ளே பழுப்பு. அழிக்கிறேன் அழிக்கிறேன் என்று ஊரே துரத்துகிற ஒன்று மட்டும், வேரும் இல்லாமல், தண்ணீரும் சரியாக இல்லாமல், கத்திரி வெயிலில் என் மாடியில் சிரித்துக்கொண்டு நின்றது. என் மனைவி அதற்குக் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தாள்.

அன்று சம்பந்தி போன் செய்தபோது, "துளுத்துடுச்சு," என்றேன். பொய்யில்லை. அவர் சந்தோஷத்தில் கத்தியது பக்கத்து அறைக்குக் கேட்டது. கல்யாணத்தில் வந்தவர் போனவரிடமெல்லாம், ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்த கிழவிகளிடம்கூட, தான் கொடுத்த மரம் சம்பந்தி வீட்டு மாடியில் துளிர்த்த கதையைச் சொன்னார். நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். தலையாட்டுவது எனக்கு நன்றாகப் பழகிவிட்டிருந்தது.

ஆடி பிறந்ததும் மகளை அழைத்து வந்தோம். வாசலில் இறங்கியவளைப் பார்த்து நான் திடுக்கிட்டேன். முகம் கறுத்து, மூக்கின்மேல் தோல் உரிந்திருந்தது. தோட்டத்தில் வேலை வாங்குகிறார்களா என்று மனைவி கேட்டாள். அதெல்லாம் இல்லை, ரொம்ப நல்லவர்கள் என்றாள். அப்புறம் சாப்பிடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"துணி தொவைக்கறது, பாத்தரம் தேய்க்கறது எல்லாம் கெணத்தாண்டதாம்பா. அங்க ஒக்கார நெழலே இல்ல. மொட்ட வெயிலு. முன்னாடி ஒரு பெரிய மரம் இருந்துச்சாம். மத்தியானத்துல எல்லாரும் அதுங்கீழதான் இருப்பாங்களாம். தூக்கணாங்குருவி கூடு கட்டிக்கினு இருக்குமாம்."

நான் சோற்றைப் பிசைவதை நிறுத்தினேன்.

"மாமியார் எதனா சொன்னாங்களாடி?" என்றாள் என் மனைவி.

"ஒண்ணும் சொல்லலம்மா. ஒரு வார்த்த சொல்லல. நான் கெணத்தாண்ட இருக்கறப்போ வந்தாங்கன்னா, முந்தானைய எடுத்து தலையில போட்டுக்குவாங்க. அவ்ளோதான். தெனமும்."

என் உயிரோடு உயிராக வளர்த்த மகள், என் பைத்தியத்துக்காக வெட்டப்பட்ட நிழலின் கணக்கில் வாயில்லாமல் வெந்துகொண்டிருக்கிறாள். கை கழுவிவிட்டு மாடிக்குப் போனேன். சாயங்காலம், என் மரம் இலைகளை மூடிக்கொண்டிருந்தது. இடதுபக்கம் ஒடித்த இடத்தில் இரண்டு துளிர் வந்திருந்தது, அதைக்கூட நான் அத்தனை நாளும் கவனிக்கவில்லை.

ஆடி முடிந்து மகளைக் கொண்டுபோய் விடும்போது சீர்த்தட்டுகளோடு மரத்தையும் எடுத்துக்கொண்டேன். வண்டியில் மடியிலேயே வைத்துக்கொண்டேன். என் மனைவி ஒன்றும் கேட்கவில்லை, முள் குத்தாமல் என் சட்டைக்கும் தொட்டிக்கும் நடுவில் ஒரு துண்டை மடித்து வைத்தாள்.

கிணற்று மேட்டைப் பார்த்ததும் என் கால் நின்றுவிட்டது. மகள் சொல்லித் தெரிந்துகொண்டுதான் வந்தேன், இருந்தாலும் கண்ணால் பார்ப்பது வேறு. வரப்பு நெடுகக் குழிகள். பெரிய மரம் இருந்த இடம் ஒரு மாட்டைப் புதைக்கிற அளவுக்கு வாய் பிளந்து கிடந்தது. அதன் கரையில் பழைய குருவிக்கூடுகள் நார் நாராக மண்ணில் கிடந்தன. அங்கே அவ்வளவு வெளிச்சம், கண் கூசியது.

சம்பந்தி தொட்டியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "இன்னா சம்மந்தி இது? இத எதுக்கு இங்க கொண்டாந்தீங்க?"

"நடத்தான்."

"ஐயோ, இது உங்க உசுரு. இங்க ஆடு தின்னுடும். வேணாம் சம்மந்தி. நான் குடுத்ததுதான் அங்க துளுத்துடுச்சே, அதுல ஒண்ணக் கொண்டாந்து..." பேசிக்கொண்டே வந்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். எதைப் புரிந்துகொண்டார் என்று எனக்குத் தெரியாது. குழியை ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு உள்ளே போய் மண்வெட்டி எடுத்து வந்தார்.

தொட்டியிலிருந்து எடுத்தபோது வேர்கள் தொட்டியின் வடிவத்திலேயே சுற்றிச் சுற்றி இறுகியிருந்தன. உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டேன். எத்தனையோ மழைக்காலம் நான் இறுக்கி வைத்த வேர். மகள் தண்ணீர் ஊற்றினாள். சம்பந்தி ஓடைப்பக்கம் போய்ச் சீமைக்கருவேல முள்ளை வெட்டி வந்து சுற்றிலும் வேலி போட்டார். மகளின் மாமியார் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார். எங்கள் மாடியில், சம்பந்தி கொடுத்ததில் துளிர்த்த அந்த ஒற்றைக் கட்டை மட்டும் இன்னும் இருக்கிறது. சம்பந்தி வீட்டுச் சீர் என்று என் மனைவி அதைத் தொட விடமாட்டேன் என்கிறாள்.

மழை முடிந்த பிறகு மகள் போனில் ஒரு படம் அனுப்பினாள். முதலில் அது என் மரம் என்றே எனக்குத் தெரியவில்லை. வேலியைத் தாண்டி, இடுப்பு உயரத்துக்கு, கன்னாபின்னாவென்று கிளை விட்டு நின்றது. படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். எது இடது கிளை என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை. அத்தனை வருஷம் நான் கெஞ்சிய இடத்தில் மறுபடி வந்த துளிர்கள், ஒரே மழையில் மற்ற கிளைகளோடு கலந்து காணாமல் போய்விட்டன. படத்தின் ஓரத்தில் சம்பந்தி நின்றுகொண்டிருந்தார், கையில் பிளாஸ்டிக் பிரஷ், வாயில் நுரை.

"மாமா இப்போ பேஸ்ட்டுக்கு மாறிட்டாருப்பா," என்றாள் மகள், போனில் சிரித்துக்கொண்டு. "தெனமும் கொமட்டிக்கினு நிக்கறாரு. ஆனா வேலங்குச்சி ஒடிக்க மாட்டேங்கறாரு."

"மாமியாரு?" என்று கேட்டேன்.

"இன்னும் முந்தானையப் போட்டுக்கினுதாம்பா வர்றாங்க. நெழலு வரலையே இன்னும்."

போனை வைத்துவிட்டு அந்தப் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். இடுப்பு உயரம்தான். ஒரு மழைக்காலம் முழுக்க நின்று, தண்ணீரெல்லாம் குடித்து, வெறும் இடுப்பு உயரம். என் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு மரம் இவ்வளவு மெதுவாக வளர்கிறதே என்று எனக்குக் கோபமாக வந்தது.